காய்ந்து கிடப்பதெல்லாம் காலி இல்லை: பாலைவனத்தில் பழைய ஆலைகளை அகற்றும் வேலை

2020 நவம்பர் 27 அன்று அபுதாபியின் மீனா சாயித் பகுதியில், மொத்தம் 144 மாடிகள் கொண்ட மீனா பிளாசா கோபுரங்கள் பத்தே வினாடியில் தரையில் அமர்ந்தன. அந்த வீடியோ கைபேசி கைபேசியாகச் சுற்றியது. உடைப்பு வேலை என்றால் பொத்தானை அழுத்துவதும் புழுதி எழுவதும்தான் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து பரவிவிட்டது. பழைய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலோ கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலோ அப்படியொரு பத்து வினாடி வருவது அபூர்வம். வந்தாலும், அதற்கு முன் பல மாதங்கள் ஆட்கள் தாங்கிகளையும் பைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, வடித்து, கழுவி, அளந்து முடித்திருக்க வேண்டும். ஆபத்தில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் இருக்கிறது.

கொழும்பு மருதானையின் வெளிநாட்டு வேலை ஏஜென்சிகளில் டிமோலிஷன் ஹெல்பர் (உடைப்பு உதவியாள்), காஸ் கட்டர் (காஸ் சுடரால் இரும்பு வெட்டுபவர்), ரிகர் (தூக்கும் பாரத்தைக் கட்டுபவர்), ஃபயர் வாட்ச் (தீக்காவல்) என்று கேட்கப்படும் ஆட்கள் இந்த மாதங்களுக்கானவர்கள். குவைத்தின் ஷுஐபா சுத்திகரிப்பு ஆலை 2017இல் மூடப்பட்டது. வளைகுடாவில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய மின் நிலையங்களும் நீர் ஆலைகளும் ஒவ்வொன்றாக ஆயுளை முடித்துக்கொண்டு வருகின்றன. கிராண்ட்பாஸ், மட்டக்குளி, வத்தளைப் பக்கமிருந்து போகிறவர் கையிலுள்ள ஒப்பந்தத்தில் பதவி இருக்கும், சம்பளம் இருக்கும். எதைத் திறக்கப் போகிறார் என்பது இருக்காது.

கொழும்பில் கைவிட்ட கட்டிடம் தன் நிலைமையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பாசி பிடிக்கும், ஒழுகும், சுவரில் அரச மரம் முளைக்கும். பாலைவனத்தில் பத்து வருடம் சும்மா நின்ற ஆலை அப்படியல்ல. பெயின்ட் வெளிறியிருக்கும், தரை வறண்டிருக்கும், வாடைகூட அடிக்காது. செத்துப்போன ஆலை என்றே யாரும் நினைப்பார்கள். வெயில் காயவைப்பது மேற்பரப்பைத்தான்.

உள்ளே மிஞ்சியிருப்பது

எண்ணெய்த் தாங்கியின் அடியில் கசடு தேங்கியிருக்கும். மேல்பகுதி இறுகி, ஆறிய பாலின் ஏடுபோல மூடிக்கொள்ளும். அதன்மேல் கால் வைக்கலாம், மண்வெட்டி வைக்கலாம். வெட்டியதும் அடியிலிருந்த இலகு எண்ணெய் ஆவியாக எழும். காலை ஐந்து மணிக்கு 28 பாகையில் அளந்தபோது வாயுமானி பூச்சியம் காட்டியிருக்கலாம். நண்பகலில் தாங்கியின் தகடு கைவைக்க முடியாதபடி 60 பாகையைத் தாண்டியபின் அதே கசடு அதே போலச் சும்மா இருக்காது. ஆகவே காலையில் எடுத்த பெர்மிட்டை, அதாவது வேலை அனுமதிச் சீட்டை, வைத்துக்கொண்டு பகலில் இறங்குவது பெர்மிட் இல்லாமல் இறங்குவதற்குச் சமம். உள்ளே ஆள் இருக்கும்வரை மானி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மிதக்கும் கூரையுள்ள தாங்கிகளில் இன்னொரு பொறி உண்டு. கூரையை மிதக்க வைக்கும் மூடிய அறைகள் வருடக்கணக்கில் ஒழுகி ஆவியைச் சேர்த்து வைத்திருக்கும். தாங்கி முழுவதும் கழுவிச் சுத்தமானாலும் அந்த அறைகளைத் தனித்தனியாகத் திறந்து அளக்காமல் நெருப்பு வைக்கக்கூடாது.

அளப்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஒக்சிஜன், அடுத்து எரியும் வாயு, கடைசியில் நச்சு வாயு. இது வெறும் சடங்கு அல்ல. எரிவாயுவை அளக்கும் சாதாரண சென்சர், வாயுவைத் தனக்குள்ளே எரித்துப் பார்த்துத்தான் சொல்கிறது. தீப்பற்றாமலிருக்க நைதரசன் நிரப்பிய கலத்தில் எரிப்பதற்கு ஒக்சிஜன் இல்லை, ஆகவே உள்ளே எவ்வளவு ஆவி இருந்தாலும் அது பூச்சியம் காட்டலாம். ஒக்சிஜன் 19.5 முதல் 23.5 வீதத்துக்குள் இருக்க வேண்டும். எரிவாயு, தீப்பற்றும் கீழ் எல்லையின் (காற்றில் அது பற்றிக்கொள்ளப் போதுமான மிகக் குறைந்த அளவின்) பத்து வீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ஆள் இறங்கலாம். காஸ் வெட்டு என்றால் பூச்சியமே வேண்டும். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். வாயுமானியை வாகனத்தின் முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் அங்கே சாதாரணம். பெரும்பாலான கருவிகள் 50 பாகை வரைதான் உத்தரவாதம் தருகின்றன. மூடிய வாகனத்துக்குள் அந்த எல்லை சீக்கிரமே கடந்துவிடும்.

எண்ணெயோடு வரும் நச்சு வாயுவான ஐதரசன் சல்பைட்டை நாற்றத்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவிலேயே கூழ்முட்டை நாற்றம் தெரியும் என்பது உண்மை. ஏறத்தாழ 100 பிபிஎம்மில் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்த அளவும் அதே 100தான். நாற்றம் போய்விட்டது என்று மூச்சு விடுகிற இடத்தில்தான் ஆள் விழுவான். காற்றைவிடப் பாரமான வாயு என்பதால் குழிகளிலும் தாங்கியின் அடியிலும் படுத்திருக்கும். விழுந்தவனைத் தூக்க மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கும் இரண்டாவது ஆளும் மேலே வருவதில்லை. வாசலில் நிற்கும் ஹோல் வாட்ச்சின் வேலை இறங்குவதல்ல, கூப்பிடுவதும் கயிற்றை இழுப்பதும்தான். நைதரசன் இன்னும் மோசம். அதற்கு வாடையே இல்லை, ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு தவறும்.

பாலைவனத்துக்கென்றே கவனிக்க வேண்டியது இரும்புச் சல்பைட்டு. ஐதரசன் சல்பைட்டும் துருவும் ஒக்சிஜன் இல்லாத இடத்தில் சேர்ந்து கறுப்புத் தூளாகவோ செதிலாகவோ உள்சுவரில் ஒட்டியிருக்கும். காற்றுப் பட்டால் தானே சூடேறிப் பற்றும், தீப்பெட்டி தேவையில்லை. ஈரமாக இருக்கும்வரை அடங்கியிருக்கும். மழை நாட்டில் கழுவித் திறந்த கலம் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கலாம். அங்கே வெயிலும் சூடான காற்றும் சேர்ந்து சீக்கிரமே உலர்த்திவிடும். முதல் அறிகுறி வெள்ளைப் புகை. அதை நீராவி என்று நினைத்து விடுகிறார்கள், அது கந்தகவீரொட்சைட்டு. வடிப்புக் கோபுரங்களின் உள்ளேயிருக்கும் மெல்லிய தகட்டு அடுக்குகளில் இது பிடித்தால் அணைப்பது மிகக் கஷ்டம், கோபுரமே நெளிந்துவிடும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் விட்டு ஒட்சியேற்றிக் கழுவுவது, திறந்தபின் இடைவிடாமல் நீர் தெளிப்பது, சுரண்டி எடுத்ததைத் தண்ணீரோடு பீப்பாயில் அடைப்பது, இவ்வளவுதான் வழி. குப்பை மேட்டில் கொட்டினால் நெருப்பு அங்கே பிடிக்கும்.

எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த பைப்புகளின் உள்ளே படியும் கல் போன்ற படிவில் கதிர்வீசும் ரேடியம் இருக்கலாம். ரேடியம் 226 பாதியாகக் குறைய ஏறத்தாழ 1600 வருடம் ஆகும். கதிர்மானியை வெளியே பிடித்தாலே அது தெரியும். வாயு ஆலைகளின் பம்புகளிலும் பைப்புகளிலும் படியும் ஈயம் 210 அப்படித் தெரியாது. இரும்புச் சுவர் அதன் மெல்லிய கதிரை மறைத்துவிடும், திறந்து உள்மேற்பரப்பில்தான் அளக்க வேண்டும். வெளியில் நிற்கும்போது ஆபத்து குறைவு, தூளாக்கி மூச்சில் எடுப்பதுதான் கேடு. ஆகவே அத்தகைய பைப்பை உலர்வாகக் கிரைண்டர் போடக்கூடாது, காஸ் வெட்டும் வைக்கக்கூடாது. இரு முனையையும் மூடி அடையாளமிட்டுத் தனியாக வைப்பதே முறை. தாங்கிகளின் மட்டம் பார்க்கப் பொருத்திய சீசியம் 137 கதிர்வீச்சு மூலங்களையும் முதலிலேயே எண்ணிக் கழற்ற வேண்டும். 1998இல் ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் அருகே ஓர் உருக்கு ஆலையில் பழைய இரும்போடு வந்த சீசியம் உலைக்குள் உருகியது. அதன் தடயத்தை ஐரோப்பாவின் பல நாட்டுக் காற்று அளவீடுகள் பிடித்தன.

வால்வை மூடினால் துண்டித்ததாகாது

பழைய வால்வில் மூடி அமரும் இருக்கை தேய்ந்திருக்கும், மூடியபின்னும் கசியும். இரும்புத் தகட்டைப் பிளாஞ்சுகளுக்கு (பைப்புகளை இணைக்கும் வளையத் தட்டுகளுக்கு) நடுவே செருகி அடைப்பது இரண்டாம் படி. ஆலையை அகற்றும்போது வேண்டியது மூன்றாம் படி: பைப்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி விடுவது. மின்சாரத்துக்கும் அதுவே. கேபிளில் உயிரில்லை என்று கருவியால் நிரூபிக்காமல் யாரும் வெட்டக்கூடாது. வரைபடத்தில் இல்லாத லைன்கள் எந்த ஆலையிலும் இருக்கும், நாற்பது வருடத்தில் எத்தனையோ பேர் தங்கள் வசதிக்கு இழுத்திருப்பார்கள். போகுமிடம் இல்லாமல் முட்டி நிற்கும் பைப் கிளைகளைக் கழுவும் நீர் தொடுவதில்லை. எல்லா இடமும் சுத்தம் என்று எழுதிய பிறகும் கச்சா எண்ணெய் வழிவது அந்த மூலைகளிலிருந்துதான்.

எந்தப் பைப்பிலும் முதல் துளை குளிர்த் துளை. கையாலோ காற்றழுத்தத் துளைப்பானாலோ தாழ்ந்த இடத்தில் போட்டு, வடிகிறதா, அழுத்தம் சீறுகிறதா என்று பார்த்துவிட்டே காஸ் கட்டருக்கு வழிவிட வேண்டும்.

இன்னொன்று இரும்பின் நீட்சி. நூறு மீட்டர் இரும்புப் பைப் 40 பாகை வித்தியாசத்தில் ஏறத்தாழ 48 மில்லிமீட்டர் நீளும். இரு முனையும் இறுகப் பிடித்த பைப்பில் அந்த நீட்சிக்குப் போக இடமில்லை, விசையாகத் தேங்கி நிற்கும். பகலில் வெட்டினால் வெட்டுவாய் மூடி பிளேடைக் கடிக்கும், அல்லது பைப் பக்கவாட்டில் துள்ளும். தாங்கியின் மேலேறி நின்று வெட்டுகிறவனை அடிப்பது அந்தத் துள்ளல்தான். வெட்டுமிடத்தின் இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, துள்ளும் திசையில் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அஸ்பெஸ்டஸ்: நமக்குப் பழகியதே பிரச்சினை

நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடை செய்தது. வெள்ளை வகை இன்னும் எத்தனையோ வீடுகளின் தலைக்கு மேலே கிடக்கிறது. அதையும் நிறுத்தப் பார்த்தபோது, 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் பூச்சி கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை மறித்தது, இங்கே தடையும் தள்ளிப்போனது. பூச்சிக்கும் கூரைக்கும் சம்பந்தம் என்ன என்று கேட்டவர்களுக்கு அஸ்பெஸ்டஸ் எங்கிருந்து வருகிறது என்பதே பதில். இதில் வந்த தீமை ஒன்று: கூரைச் சீட்டை வெறும் வாளால் அறுத்துப் பழகிய பையன், அங்கே கொதிகலன் பைப்பைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சையும் அதே அலட்சியத்தோடு பிய்ப்பான். கூரைச் சீட்டில் நார் சீமெந்துக்குள் கட்டுண்டிருக்கிறது. பைப் உறையில் அப்படி எந்தக் கட்டும் இல்லை. முப்பது நாற்பது வருடம் சூட்டில் வெந்தது கைபட்டாலே பொடியாகும்.

முறை என்னவோ எங்கும் ஒன்றுதான். பொலித்தீனால் கூடாரம் கட்டி, உள்ளிருக்கும் காற்றை வடிகட்டியோடு வெளியே இழுத்து, உறையை நனைத்துக் கழற்றி, குறைந்தது 150 மைக்ரோன் தடிப்புள்ள பையில் இரட்டையாகக் கட்டுவது. வெறும் தண்ணீர் வழிந்தோடிவிடும், உள்ளே ஊற சோப்பு போன்ற ஊறவைக்கும் திரவம் கொஞ்சம் கலக்க வேண்டும். பாலைவனத்தில் இடறுவது இரண்டு இடத்தில். நனைத்தது கழற்றி முடிப்பதற்குள் காய்ந்துவிடும், ஆகவே ஒருவர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் வெப்பம் வெளியைவிட அதிகம், காற்றோட்டமில்லாத ஆடைக்குள் வியர்வை ஆவியாகாது. பகலில் அதற்குள் ஆளை விட்டால் அவன் அரை மணி நேரத்தில் முகமூடியைக் கழற்றுவான், கழற்றாமல் இருக்க உடம்பு விடாது. இந்த வேலையை இரவிலோ விடியற்காலையிலோ வைத்து, 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவதே சரி. முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டுமானால் தாடி மழிக்க வேண்டும். மத நம்பிக்கையால் தாடி வைத்திருப்பவருக்குக் காற்று ஊதிக் கொடுக்கும் தலைக்கவசம் இருக்கிறது, அதைக் கேட்கலாம். செலவைக் காட்டி மறுக்கும் இடத்தில் அந்த வேலைக்குப் போகாமலிருப்பதே நல்லது.

இரும்பைத் தொடும் நாள்

பழைய இரும்பின் அடிப்பூச்சு பெரும்பாலும் செந்நிற ஈயப் பெயின்ட். காஸ் வெட்டு வைத்தால் ஈயம் புகையாக எழும். வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் பத்து சென்ரிமீட்டர் பெயின்டை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். அதைவிட நல்லது ஹைட்ரோலிக் கத்தரி பூட்டிய எக்ஸ்கவேட்டர். புகையில்லை, தீப்பொறியும் குறைவு, ஓட்டுநர் ஏசி கபினுக்குள் இருப்பார். ஆளால் வெட்டினால் கூலி மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கணக்குப் போடுவதில்லை. சிலிண்டர்கள் 52 பாகைக்கு மேல் சூடேறக்கூடாது, அங்கே வெயிலில் நிறுத்திய இரும்பு அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே நிழல் கட்டாயம். அசற்றிலீன் சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், குழாயில் அழுத்தம் ஒரு பாருக்கு மேல் போகக்கூடாது. வெட்டு முடிந்தபின் ஃபயர் வாட்ச் குறைந்தது 30 நிமிடம், பல தளங்களில் 60 நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும்.

மின் நிலையத்தின் பெரிய கொதிகலன் தரையில் உட்கார்ந்திருப்பதில்லை. சூடானால் கீழ்நோக்கி நீள இடம் வேண்டும் என்பதற்காக, மேலிருக்கும் இரும்புச் சட்டத்திலிருந்து கம்பிகளால் தொங்கவிட்டிருப்பார்கள். ஆயிரக்கணக்கான தொன் தொங்கும் அந்த இடத்தில் எதை முதலில் வெட்டுவது என்பதைப் பொறியியலாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும், போர்மனின் அனுபவம் போதாது. 2016 பெப்ரவரி 23 அன்று இங்கிலாந்தின் டிட்கொட் மின் நிலையத்தில் கொதிகலன் கட்டிடத்தை வெடிவைத்து வீழ்த்த ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோதே அதன் பெரும்பகுதி சரிந்து நால்வர் இறந்தார்கள். அங்கே பாலைவனமும் இல்லை, வெயிலும் இல்லை.

மணலின் பாரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காய்ந்த மணல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.6 தொன். தகரக் கூரையில் பத்து சென்ரிமீட்டர் மணல் படிந்தால் சதுர மீட்டருக்கு 160 கிலோ. இலகு கூரைகள் பெரும்பாலும் அதில் பாதியைத் தாங்கக்கூடக் கட்டப்பட்டவையல்ல. ஏற்கெனவே தொய்ந்து நிற்கும் கூரையில் ஏறிக் கூட்டப்போகும் மூன்று பேர் மிச்சத்தைச் சேர்த்துவிடுவார்கள். வெளியே நிறுத்திய தூக்குமேடையிலிருந்துதான் அதை இறக்க வேண்டும். தரையிலும் அதே மணல்தான் குழி மறைக்கிறது. மூடியில்லாத மேன்ஹோல், கேபிள் ஓடை, பம்புக் குழி எல்லாம் சமதரையாகத் தெரியும். வாகனம் விடுவதற்கு முன் பழைய வரைபடத்தை வைத்து, நீண்ட கம்பியால் குத்திப் பார்த்துக் கொடி நட வேண்டும். ஓடைகளில் தேளும் விரியனும் இருக்கும், கையை விட முன் டோர்ச் அடியுங்கள்.

கரையோர உப்புச் சமவெளியை அரபியில் சப்கா என்பார்கள். மேலே உப்பு இறுகிய ஓடு, சற்று ஆழத்திலேயே உவர்நீர். காய்ந்திருக்கும்வரை லொறி ஓடும். புழுதி அடக்க நாம் தெளிக்கும் தண்ணீர் அந்த உப்பைக் கரைக்கும். காலையில் கிரேன் நின்ற இடத்தில் மாலையில் அதன் கால் ஓட்டைத் துளைத்து இறங்கலாம். கிரேன் நிற்கும் இடத்தில் பாரம் பரப்பும் தட்டுகள் வேண்டும், தெளிப்பு நீர் அந்தப் பக்கம் ஓடாமல் பார்க்க வேண்டும். காற்று வினாடிக்கு ஒன்பது மீட்டர் தாண்டினால் ஆள் தூக்கும் கூடையைக் கீழே இறக்கிவிட வேண்டும். யூன், யூலையில் வீசும் ஷமால் காற்றில் அந்த அளவு பல பகல்களில் வரும்.

வெயில்

கொழும்பு வெயிலில் வளர்ந்தவனுக்கு டோகா வெயில் என்ன என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். உடம்பு ஒரு வெப்பத்துக்குப் பழக ஏழு முதல் பதினான்கு நாள் வேண்டும், லீவில் வந்து இரண்டு வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் பெரும்பாலும் போய்விடும். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைப்படி புதியவர் முதல் நாள் வெயில் வேலையில் 20 வீதம்தான் செய்யலாம், பிறகு நாளுக்கு 20 வீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது. லீவு முடிந்து திரும்பிய பழைய ஆளுக்கு முதல் நான்கு நாளும் முறையே 50, 60, 80, 100 வீதம். இறங்கிய மறுநாளே முழு ஷிப்ட் கொடுக்கும் கம்பனியில்தான் முதல் வாரம் கெட்ட வாரமாகிறது.

சட்டமும் இருக்கிறது. கட்டாரில் யூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலை கூடாது. வெப்பம், ஈரப்பதன், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணிக்கும் டபிள்யூபிஜிடி அளவு 32.1ஐத் தாண்டினால் எந்த மாதமானாலும் வேலை நிற்க வேண்டும். எமிரேட்ஸில் யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை 12.30 முதல் 3 வரை, சவூதியில் அதே நாட்களில் 12 முதல் 3 வரை, குவைத்தில் யூன் முதல் ஓகஸ்ட் வரை 11 முதல் 4 வரை. நேரம் பார்த்து நிறுத்துவதைவிட அளந்து நிறுத்துவது மேல், ஏனெனில் கரையோரத்தில் செப்டெம்பர் இரவின் புழுக்கம் யூன் பகலைவிட ஆளை அடிக்கும். தண்ணீர் 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை, மணிக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்டாமல். பேச்சுக் குழறி, தடுமாறி, சொன்னது விளங்காமல் நிற்கும் ஆள் குடித்தவன் அல்ல, வெப்பத்தாக்கு. வாகனத்தைத் தேட முன் அவனைத் தண்ணீரிலும் ஐஸிலும் குளிர்த்த வேண்டும். குளிர்ப்பது முதல், கொண்டுபோவது பிறகு.

இரும்பு விலையும் காகிதமும்

இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில் உடைப்பவரே பழைய இரும்பை எடுத்துக்கொள்வார், அதன் விலையே அவருடைய வருமானம். அவசரம் பிறப்பது அங்கேதான். கழுவுவதற்கு யாரும் காசு தருவதில்லை, வெட்டிய இரும்பு தொன் கணக்கில் காசாகும். நல்ல ஒப்பந்தத்தில் சுத்திகரிப்பு தனிக் கட்டணமாக இருக்கும், வாயுச் சான்றிதழும் அஸ்பெஸ்டஸ் சான்றிதழும் கையெழுத்தாகாமல் கத்தரி உள்ளே வராது. கேபிளைச் செம்புக்காக எரிப்பது பிவிசி உறையிலிருந்து டயொக்சின் என்ற நச்சை எழுப்பும். கொழும்பின் பஞ்சிகாவத்தைப் பின்னொழுங்கைகளில் கண்ட பழக்கத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம், உரிக்கும் மெஷின் இருக்கிறது. பழைய டிரான்ஸ்போமர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு இரசாயனம் 50 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் அது தனிக் கழிவு. ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை அத்தகைய எண்ணெயை ஒழிக்க 2028ஐக் கெடுவாக வைத்திருக்கிறது.

போகிறவர் இங்கேயே செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. இரத்தத்தில் ஈய அளவு, மார்பு எக்ஸ்ரே, மூச்சுப் பரிசோதனை மூன்றையும் போகும் முன் எடுத்து, அறிக்கையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியும்போது ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் லேபர் என்று இருந்தால் பின்னால் அஸ்பெஸ்டஸ் வேலை செய்ததை நிரூபிப்பது கஷ்டம். அந்த நோய் வெளிப்பட 20 முதல் 40 வருடம் எடுக்கும், அதற்குள் கம்பனி இருக்குமோ தெரியாது. எந்தத் தளம், எந்தத் திகதி, எந்த வேலை என்று ஒரு கொப்பியில் எழுதி, கையெழுத்திட்ட பெர்மிட்டின் படத்தைக் கைபேசியில் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். படமெடுக்கத் தடையுள்ள ஆலையில் பெர்மிட் இலக்கத்தை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.